மொரீசியஸில் முன்னோரின் படங்களைத் தேடி மின்னாக்கும் முறை

மொரீசியஸில் ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் தம் படம் ஒட்டிய சீட்டை வைத்திருக்க வேண்டுமென 1867ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தியது. கண்காணிப்புக்காக எடுத்த படங்களே இன்று ஆய்வாளர்க்குச் செல்வமாகியிருப்பது விந்தைதான். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் தேடத் தொடங்கலாம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களை நம்புவதைவிட, ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்ட குடியேற்ற எண்ணைக் கொண்டு தேடுவதே உறுதியான வழி.

படியெடுக்க முன் அனுமதி பெறுங்கள். சிறிய அச்சுப் படங்களை, அவை கறுப்பு வெள்ளையாக இருந்தாலும், வண்ண முறையில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பகிர்வதற்கு ஜேபெக் போதும். ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் குறிப்போ இருக்கக்கூடுமாதலால் பின்புறத்தையும் ஸ்கேன் செய்து, காப்பகப் பதிவெண்ணையே கோப்பின் பெயராக இடுங்கள்.