உழவு மெசின் பிளேட்டுக்கு வாய்ப்பட்டை போடும்போது விடுகிற பிழைகள்

புரட்டாதி வெயிலில் வயல் காய்ந்து கல்லாய்க் கிடக்கிற நேரத்தில்தான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பிளேட் பூட்டின உழவு மெசின்களுக்கு (டிராக்டர்களுக்கு) ஓயாத வேலை. மேடு வெட்ட வேண்டும், பள்ளம் நிரப்ப வேண்டும், மாரி தொடங்குமுன் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகிற பாதையை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பட்டறைகளிலும் அப்போதுதான் கூட்டம். பிளேட்டின் அடியில் நிலத்தோடு உரசுகிற வாய்ப்பட்டை தேய்ந்து போயிற்று, புதிதாக என்ன இரும்பு போடலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில்: "இருக்கிறதிலேயே கடினமானதைப் போடுங்கோ."

பிழை இந்தப் பதிலிலேயே தொடங்குகிறது. வாய்ப்பட்டையைப் பூட்டுவதே அது தேய வேண்டும், பின்னால் இருக்கிற பிளேட் தப்ப வேண்டும் என்பதற்காகத்தான். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை 1 முதல் 10 வரை கணக்கிடுகிற மோஸ் அளவில் அதன் கடினம் 7. சாதாரண இரும்புத் தகடு 4, 5 அளவில்தான் நிற்கும். கடினப்படுத்திய உருக்குக் கூட மணலை முழுதாக வெல்லாது, தேய்மானத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இதற்கு நாம் கொடுக்கிற விலை என்னவென்றால், இரும்பின் கடினம் ஏற ஏற அடி தாங்கும் குணம் பொதுவாக இறங்கும்.

ஆகவே பட்டறைக்குப் போகுமுன் மெசின் எங்கே ஓடப்போகிறது என்று பார்க்க வேண்டும். எழுவான்கரையில், கடலோரத்து மணல் காணிகளில், பட்டை நாள் முழுக்க உரசும். ஆனால் கல்லில் மோதுவது அரிது. அங்கே தேய்மானத் தகடு, அதாவது உரசலைத் தாங்கவென்றே கடினமாகச் செய்த உருக்குத் தகடு, போட்ட காசுக்கு உழைக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளே போகப்போக, மண்ணுக்குள் பாறை தலைமட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும். புதிதாய்த் துப்புரவாக்கின காணியென்றால் மரவேரும் சேர்ந்துகொள்ளும். அங்கே மிகக் கடினமான பட்டை ஒரு பாறை முனையில் இடித்தால் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சற்று மென்மையான இரும்பு அதே இடத்தில் நசுங்கும் அல்லது வளையும். தட்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். சேற்றில் மட்டமடிக்க மட்டும்தான் பிளேட் என்றால் விலையுயர்ந்த தகடு எதற்கு? சாதாரணத் தகடு போதும், தேய்ந்தால் மாற்றுங்கள்.

அடுத்தது லொறியின் பாரத்தைத் தாங்குகிற வில்லுப் பட்டை. நம் பக்கத்தில் இதற்குத்தான் மதிப்பு அதிகம், காரணமும் உண்டு: நல்ல உருக்கு, பழைய இரும்புக்கடையில் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். கெடுவதெல்லாம் பட்டறைக்குள் வந்தபிறகுதான். வில் வளைந்திருக்கும், நேராக்க வேண்டும். அதற்காக உலையில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி, அப்படியே ஆறவிட்டால் அதன் பதம் போய்விடும்; அப்புறம் அது ஏறக்குறைய ஒரு சாதாரணத் தகடுதான். பதம் திரும்பட்டும் என்று சிவந்த பட்டையைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வில் உருக்குக்கு எண்ணெயில் தோய்ப்பதே பாதுகாப்பு. தண்ணீர் அதைத் திடீரென்று இறுக்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உள்ளே வைத்துவிடும். தோய்த்த பிறகு மறுபடி மிதமாகச் சூடாக்கி இளக்கவும் வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்ய ஆளில்லாவிட்டால், வளைவு குறைந்த துண்டுகளாகப் பார்த்து எடுத்து, காய்ச்சாமல் அப்படியே பூட்டுவது மேல்.

துளையும் அப்படித்தான். வில்லில் துறப்பணம் இலகுவில் இறங்காது. உடனே வெல்டிங் ரொட்டால் சுட்டு ஓட்டை போட்டுவிடுவார்கள். ஓட்டையைச் சுற்றி உருகிக் குளிர்ந்த அந்த வளையம் கண்ணாடி மாதிரி உடையக்கூடியது. பட்டை எங்கே முறிந்திருக்கிறது என்று பழைய துண்டுகளை எடுத்துப் பாருங்கள், பல சமயம் போல்ட் துளைக்குக் குறுக்காகத்தான் முறிந்திருக்கும். நேரமெடுத்தாலும் நல்ல பிட் வாங்கி, எண்ணெய் விட்டு, மெதுவாகத் துளைக்க வேண்டும்.

தேய்மானத் தகட்டில் சூடு செய்கிற கெடுதி வேறு விதம். இவற்றுக்கு 400, 450, 500 என்று எண் வைத்து விற்கிறார்கள். அது பிரினெல் கடின அளவு, குண்டை அழுத்திப் பார்த்துக் கடினத்தைக் கணக்கிடுகிற வேறோர் அளவு. சாதாரணத் தகட்டுக்கு அந்த அளவு 120 முதல் 150 வரைதான் வரும். இந்தத் தகடு சுமார் 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் கடினம் இறங்கத் தொடங்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: 450 தகடு வாங்கி, காஸ் வைத்து நீளவாட்டில் வெட்டி, வெட்டின பக்கத்தையே கீழே வைத்துப் பூட்டுகிறோம். நிலத்தில் உரசுகிற விளிம்புதான் சூட்டில் இளகின விளிம்பு! கடையிலிருந்து வந்த விளிம்பு மேலே சும்மா இருக்கிறது. வெட்டினது மேலே போகட்டும். முடியாவிட்டால் வெட்டின ஓரத்தை கிரைண்டரால் நன்றாக உள்ளே வரை தேய்த்து எடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தருகிற வழக்கம்: பட்டையை பிளேட்டோடு வெல்டு பிடித்து விடுவது. போல்ட் செலவு மிச்சம், வேலையும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த தடவை பட்டையை வெட்டி எடுக்கும்போது பிளேட்டின் அடி ஓரமும் கொஞ்சம் போகும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் பிளேட்டையே மாற்ற வேண்டியதுதான். வெல்டு பிடித்தே ஆகவேண்டும் என்றால், வில் உருக்கோ, பாதை மட்டமாக்குகிற கிரேடரில் இருந்து கழற்றின பழைய பட்டையோ, தேய்மானத் தகடோ எதுவானாலும் சாதாரண ரொட் வேண்டாம். ஐதரசன் குறைந்த 7018 ரொட் கேளுங்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: அந்த ரொட்டின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், ஈரத்திலிருந்து வெல்டுக்குள் போகிற ஐதரசன்தான் உருக்கை வெடிக்க வைக்கிறது. மாரி நாளில் பெட்டி திறந்தபடி பட்டறை மூலையில் கிடந்த ரொட்டால் பிடித்தால், வெல்டு அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடும். அடுப்பில் காயவைத்த ரொட், கொஞ்சம் முன்சூடு, மெதுவாக ஆறவிடுதல் என்று மூன்றும் வேண்டும்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்புகிற வீடியோவைப் பார்த்து, சின்ன வண்டியில் பனி தள்ளுகிற பிளேட்டுக்கு ரப்பரும் பொலியூரித்தேனும் போட்டிருக்கிறார்களே, நாமும் போடுவோமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே பனி மட்டும் போக வேண்டும். அடியில் இருக்கிற தாரும் பதித்த கல்லும் கீறுப்படக் கூடாது. நமக்கு நிலத்தையே வெட்ட வேண்டும். காய்ந்த வயல் மேட்டில் ரப்பர் மடிந்து வழுக்கிக்கொண்டு போகும், மேடு மேடாகவே இருக்கும்.

ஆனால் ரப்பர் நம்மூரில் சரியாகப் பொருந்துகிற ஓர் இடம் இருக்கிறது: அரிசி ஆலைகளின் சீமெந்துத் தளம். காயப்போட்ட நெல்லை பிளேட்டால் ஒதுக்கும்போது இரும்பு வாய் தளத்தைச் சுரண்டும், நெல்லோடு சீமெந்துத் தூளையும் சேர்த்துவிடும். கன்வேயர் பெல்ட் துண்டு அங்கே அருமையாக வேலை செய்யும். பழைய டயரை வெட்டிப் போட வேண்டாம். இப்போதைய டயர்களில் உள்ளே கம்பி இருக்கும், ரப்பர் தேய்ந்ததும் அது துண்டு துண்டாக நெல்லுக்குள் விழும்.

தடிப்பைப் பற்றியும் ஒரு சொல். 6 அடி நீளம், 6 அங்குல அகலத்தில் அரை அங்குலத் தகடு ஏறக்குறைய 28 கிலோ நிற்கும். முக்கால் அங்குலம் என்றால் 42 கிலோ. பெரிய மெசினின் பின் ஹைட்ரோலிக்குக்கு இது ஒன்றும் பெரிதில்லை, பாரம் இருந்தால் பிளேட் இன்னும் நன்றாக இறங்கும். கையால் பிடித்து ஓட்டுகிற இரு சில்லு மெசினான லேண்ட் மாஸ்டரின் முன்னால் பூட்டினால் கைபிடிக்கிறவரின் முதுகுதான் சொல்லும். கால் அங்குலத்துக்குக் கீழே போனாலோ முதல் வேரிலேயே வளைந்துவிடும்.

பட்டை வெட்டக் கொடுக்கும்போது துளைகளை அகலத்தின் சரி நடுவில் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் தலைகீழாகப் பூட்டலாம், ஒரே பட்டையில் இரண்டு வாய். போல்ட்டின் தலை தகட்டுக்குள் அமிழ்கிற தட்டைத் தலையாக இருக்க வேண்டும். வெளியே துருத்தின தலை ஒரே நாளில் தேய்ந்து, பட்டை கழன்று வயலில் கிடக்கும். வாவிக்கரையிலோ கடலோரத்திலோ ஓடுகிற மெசின் என்றால் பட்டைக்கும் பிளேட்டுக்கும் இடையில் பெயின்ட் அடித்து, போல்ட் புரியில் கிரீஸ் பூசித்தான் இறுக்க வேண்டும். உப்புக்காற்றில் துரு ஊதினால் நட் சாவிக்கு அசையாது. கடைசியில் காஸ் வைத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டி வரும்.