அச்சு முறுக்குக்கு ஒன்றல்ல, இரண்டு அச்சு

கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடும்போது ஒன்றுக்கு இரண்டாக அச்சு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முறுக்கு வேகும்போதே இன்னொன்று அதே எண்ணெயில் ஓரமாகக் கிடந்து காயட்டும். முறுக்கு கழன்றதும் காய்ந்த அச்சை எடுத்து மாவில் தோய்க்கலாம். வேலை சீக்கிரம் முடியும், கேஸும் மிச்சம்.

காரணம் சூடுதான். ஆறின அச்சில் மாவு நிற்காமல் வழிந்துவிடும். மாவில் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் அச்சின் சூடு குறைவதால், ஒரே அச்சு என்றால் அது மறுபடி காயும்வரை அடுப்பு சும்மா எரியும். எடுத்த அச்சில் எண்ணெய் சொட்டி முடிந்த பிறகே மாவில் வையுங்கள், அதுவும் முக்கால் உயரத்துக்குத்தான். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் என்ன தட்டினாலும் முறுக்கு கழலாது.

சின்ன வாணலியில் இது வேண்டாம். இரண்டு அச்சும் ஒன்றையொன்று இடிக்கும், எண்ணெயும் சட்டென்று ஆறிப்போகும். வேலூர் லாங் பஜார் கடைத்தெருவிலிருந்து அன்றைக்கே வாங்கி வந்த புது இரும்பு அச்சென்றாலும் உடனே இறக்காதீர்கள். ஒரு ராத்திரி கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெயில் நன்றாகக் காய்ச்சிப் பழக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், ஜாக்கிரதை.

அப்புறம், வேலூரில் டிசம்பர் மழை பெய்துகொண்டிருந்தால் சுட்டதைத் தட்டில் பரப்பி விட்டு மறந்துவிடாதீர்கள். சூடு போனதும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் நமுத்துவிடும்.