படமும் கதையும் அவருடையதாக இருக்க: உருவப்படத் தொகுப்பு தொடங்குபவர்களுக்கு

ஒரு சமூகத்தைப் படம் பிடிப்பவர் பெரும்பாலும் வெளியாள். எந்த முகபாவம், கீழே என்ன வரி என்பதெல்லாம் அவர் முடிவு. அந்த முடிவுகளைப் படத்தில் இருப்பவர் கையில் கொடுப்பதற்கான வழி இது.

அமெரிக்காவில் அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் இதன் அருமையை அறிந்தவர். கறுப்பின மக்களை எப்போதும் இளிப்பவர்களாகக் கேலிச்சித்திரம் வரைந்த 19ஆம் நூற்றாண்டில், அவர் சிரிக்காத, உறுதியான முகத்தோடு படமெடுத்துக்கொண்டார். அவற்றில் சுமார் 160 இன்றும் இருக்கின்றன.

படி 1: முதல் சந்திப்பில் கேமரா வேண்டாம், பேசுங்கள். "உங்களைப் பற்றி மற்றவர்கள் தவறாக நினைப்பது என்ன?" என்ற கேள்வி நிறையப் பேச வைக்கும். எங்கே, எந்த உடையில், எந்தப் பொருளோடு நிற்கலாம் என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள்.

படி 2: ஒப்புதல். படம் எங்கே வெளியாகும், பெயர் போடலாமா என்று தெளிவாகப் பேசி எழுதி வாங்குங்கள். பிறகு மனம் மாறினால் படத்தை நீக்கிவிடலாம் என்பதையும் சொல்லுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும், குழந்தையிடமும் கேட்க வேண்டும்.

படி 3: இப்போது படம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். போனில் எடுத்தால் இரண்டு மடங்கு ஜூம் வைத்துக் கொஞ்சம் பின்னால் போங்கள். மிக அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும், ஃபோகஸ் கண்ணில். சில படங்களை டைமர் வைத்து அவரே எடுக்கட்டும். நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விட்டால் இன்னும் நல்லது.

படி 4: தேர்வு. இங்கேதான் பலர் அதிகாரத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எல்லாப் படங்களையும் காட்டுங்கள்; அவர் ஒதுக்கியதை அழித்துவிடுங்கள், உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

படி 5: கதை. பதிவிலிருந்து ஐந்தாறு வரிகளை அவர் பேச்சுநடையிலேயே எழுதுங்கள். திருத்தி "நல்ல தமிழ்" ஆக்காதீர்கள். எழுத விரும்புபவர் அச்சிட்ட படத்தின் ஓரத்தில் தன் கையெழுத்திலேயே எழுதலாம்.

பழகிய பிறகு கேமராவையே அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுத்து, அதைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். 'ஃபோட்டோவாய்ஸ்' என்ற முறை அப்படித்தான் உருவானது.

தொகுப்பு முடிந்ததும் முதல் காட்சி அந்தச் சமூகத்தினருக்குத்தான். அப்புறம், ஆளுக்கொரு அச்சுப்பிரதி கொடுக்க மறக்காதீர்கள்.