ரீடிங் வரலையா? மீட்டரைக் கழற்றும் முன்பு பார்க்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு பக்கம் ஷிஃப்ட் ஆபரேட்டரிடமிருந்து போன் வந்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "சேட்டா, மீட்டர் கம்ப்ளைன்ட் ஆணு." எந்த மீட்டர், என்ன காட்டுகிறது, எப்போதிலிருந்து என்பதையெல்லாம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள் அதை அப்படியே நம்பி ஸ்பேர் மீட்டரோடு கிளம்பிவிடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் புதுசும் அதையேதான் காட்டும். வயர், சப்ளை, சென்சார் இந்த மூன்றில் ஒன்று கெட்டிருக்கும். மீட்டர் தனக்கு வந்ததைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஐடிஐ முடித்து வாளையாறு, கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் மில்லிலோ ஃபேக்டரியிலோ மெயின்டனன்ஸில் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலக்காட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் அரிசி மில்லின் நெல் டிரையரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். சூடான காற்று போகும் குழாயில் ஒரு பிடி-100 சென்சார் (சூட்டுக்கேற்ப இதன் தடை மாறும்). அதன் தலைக்குள்ளேயே சின்ன டிரான்ஸ்மிட்டர். அங்கிருந்து இரண்டு வயர் பேனலுக்கு வருகிறது. பேனலில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றித் தரும் சப்ளை), ஒரு டிஜிட்டல் இண்டிகேட்டர். ரேஞ்ச் 0 முதல் 150 டிகிரி. டேங்க் லெவல், பாய்லர் பிரஷர் என்று எதை எடுத்தாலும் சென்சார்தான் மாறும், மற்ற அமைப்பு கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: தொடுவதற்கு முன்னால்

அந்த சிக்னல் வெறுமனே காட்டுவதற்கு மட்டும்தானா, இல்லை எதையாவது கட்டுப்படுத்துகிறதா என்று முதலில் கேளுங்கள். கட்டுப்படுத்துகிறது என்றால் கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றச் சொல்லிவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டும். லூப்பை, அதாவது அந்த இரண்டு வயர் சுற்றை, நீங்கள் பிரித்த நொடியில் கரன்ட் பூஜ்யமாகும். சென்சார் கட்டானதைக் கண்டுபிடிக்கும் வசதியை அமைக்காத கன்ட்ரோலர், காற்று ஆறிவிட்டது என்று எண்ணி பர்னரை முழுசாகத் திறந்துவிடும். அலாரம், மெஷினைத் தானாக நிறுத்தும் டிரிப் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பைபாஸ் போட வேண்டியிருந்தால் ஷிஃப்ட் இன்சார்ஜுக்குத் தெரிந்து, எழுத்தில் பதிந்துதான் போட வேண்டும்.

அடுத்தது கையில் இருக்கும் மல்டிமீட்டர். பேனலில் 230 வோல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும், ஆகவே கேட் 3 (மீட்டரின் பாதுகாப்புத் தரம்) என்று எழுதிய மீட்டரே வேண்டும். மில்லி ஆம்ப் துளைக்கு உள்ளே ஒரு ஃப்யூஸ் உண்டு. யாராவது புரோபை அந்தத் துளையில் வைத்தபடியே வோல்டேஜ் அளந்திருந்தால் அது எரிந்து போயிருக்கும். அப்புறம் எந்த லூப்பில் வைத்தாலும் 0 மில்லி ஆம்ப்தான் வரும், நீங்களும் வயர் கட்டாகிவிட்டது என்று கேபிளைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். கடன் வாங்கிய மீட்டர் என்றால் இந்த ஃப்யூஸைப் பார்க்காமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

படி 2: கண், மூக்கு, காது

பேனல் கதவைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். கருகிய வாசனை வருகிறதா, எஸ்எம்பிஎஸ் விளக்கு எரிகிறதா, ஏதாவது கீச்சென்று கத்துகிறதா, டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா? பல்லி செத்துக் கிடப்பதையும் எறும்புக் கூட்டையும் இந்த ஊர்ப் பேனல்களில் தாராளமாகப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். லக்ஸை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) இன்சுலேஷன் மேலேயே அழுத்தி வைத்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், டிரையர் அதிரும்போது விட்டு விட்டுத் தொடும்.

படி 3: லூப்பில் என்ன ஓடுகிறது?

இதுதான் முக்கியமான இடம், இங்கே அவசரப்படாதீர்கள்.

டிரான்ஸ்மிட்டர் வெப்பத்தை மில்லி ஆம்பாக மாற்றி அனுப்புகிறது. 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்ப், 150 டிகிரிக்கு 20. கீழ் எல்லையை 0 மில்லி ஆம்பில் வைக்காததற்குக் காரணம் உண்டு. வயர் அறுந்தால் 0 வரும், உண்மையிலேயே 0 டிகிரி என்றால் 4 வரும், இரண்டும் குழம்பாது. அதோடு, டிரான்ஸ்மிட்டர் தன் சொந்தச் செலவுக்கும் அந்த 4 மில்லி ஆம்பைத்தான் நம்பியிருக்கிறது.

கணக்கு எளிது. மில்லி ஆம்பிலிருந்து 4-ஐக் கழியுங்கள், 16-ஆல் வகுங்கள், ரேஞ்சால் பெருக்குங்கள். 13.6 மில்லி ஆம்ப் வந்தால் 9.6-ஐ 16-ஆல் வகுத்து 0.6, அதை 150-ஆல் பெருக்கினால் 90 டிகிரி. இண்டிகேட்டரும் 90 காட்டினால் பேனல் பக்கம் குற்றமற்றது, நீங்கள் டிரையர் மேலே ஏற வேண்டியதுதான். லூப்பில் 13.6 ஓடியும் இண்டிகேட்டர் 60 காட்டினால் இண்டிகேட்டரின் ரேஞ்ச் அமைப்பைப் பாருங்கள். மேல் எல்லையை யாரோ 100 என்று மாற்றியிருப்பார்கள். 0.6-ஐ 100-ஆல் பெருக்கினால் அதே 60 வரும், பாருங்கள்.

அளக்க இரண்டு வழி உண்டு. லூப்பை ஒரு இடத்தில் பிரித்து, மல்டிமீட்டரை மில்லி ஆம்பில் வைத்து இடையில் தொடராகச் சேர்ப்பது ஒன்று. இண்டிகேட்டர் உள்ளீட்டில் 250 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால், எதையும் பிரிக்காமல் அதன் இரு முனையிலும் வோல்டேஜ் அளப்பது இன்னொன்று. 4 மில்லி ஆம்புக்கு 1 வோல்ட், 20-க்கு 5 வோல்ட், நம் 13.6-க்கு 3.4 வோல்ட் கிடைக்கும். நான் இரண்டாவதையே விரும்புவேன். ஓடுகிற மெஷினில் லூப்பைப் பிரிக்காமல் முடிகிற எந்த அளவும் நல்ல அளவு.

வந்த எண்ணை இப்படிப் படிக்கலாம். சுத்தமாக 0 என்றால் வயர் அறுந்திருக்கிறது, சப்ளை இல்லை, அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. 3.6 அல்லது அதற்குக் கீழே, இல்லையென்றால் 21 அல்லது அதற்கு மேலே நிலையாக நின்றால் டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கிறது, தன் சென்சார் போய்விட்டது என்று அதுவே சொல்கிறது. நாமுர் என்.இ. 43 என்ற பரிந்துரைப்படி பல தயாரிப்பாளர்கள் இந்த எல்லைகளை வைத்திருக்கிறார்கள். கீழே விழ வேண்டுமா மேலே ஏற வேண்டுமா என்பது அமைக்கும்போது தேர்ந்தெடுப்பது. 4-க்கும் 20-க்கும் நடுவே ஓர் எண் வந்து, அது காற்றின் உண்மையான சூட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் சென்சாரையும் ரேஞ்சையும் சந்தேகியுங்கள். 24 மில்லி ஆம்புக்கும் மேலே எகிறினால் எங்கோ இரண்டு வயரும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உடனே சப்ளையை நிறுத்துங்கள், உள்ளீட்டு ரெசிஸ்டர் எரிந்துவிடும்.

படி 4: சப்ளை தளர்ந்தால்

"75 டிகிரி வரைக்கும் சரியாகப் போகுது, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டை லோடு இருக்கும்போதே அளந்து பாருங்கள். 24-க்குப் பதிலாக 15 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். மிச்சம் 3 வோல்ட். 250 ஓமில் 3 வோல்ட் என்றால் 12 மில்லி ஆம்ப். லூப்பால் அதற்கு மேல் தள்ள முடியாது, 12 மில்லி ஆம்ப் என்பது நம் ரேஞ்சில் சரியாக 75 டிகிரி. சப்ளை குறையக் குறைய ரீடிங் நிற்கிற இடமும் கீழே இறங்கும்.

எஸ்எம்பிஎஸ் தளர முக்கியக் காரணம் சூடு. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், மூடிய பேனலுக்குள் அதைவிட அதிகம். வெளியீட்டு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தலை உப்பியிருந்தால் கண்ணாலேயே தெரியும். உப்பாமலும் கெட்டுப்போகும், அப்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து டிசி வெளியீட்டைத் தொடுங்கள். நல்ல சப்ளையில் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் கெப்பாசிட்டர் போய்விட்டது.

மாற்றுவதானால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஒன்று: 230 வோல்ட் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை டிசி தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்கூட. அதை அளந்து, ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் போர்டில் கைவைக்க வேண்டும். ஆரம்பத்தில் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமல் புதுசு மாட்டுவதே நல்லது. கோவை பக்கத்தில்தான் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளலாம்.

படி 5: சென்சார் தலையில்

பிடி-100 என்பது 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் கூடும். மூன்று வயர் வகையில் வழக்கமாக இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. டிரான்ஸ்மிட்டரிலிருந்து மூன்றையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் டிரான்ஸ்மிட்டரின் உள்சுற்றும் சேர்ந்துவிடும், கிடைக்கும் எண் எதற்கும் உதவாது.

சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே வருவது வயரின் தடை மட்டும், ஓரிரு ஓம். சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வந்ததிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். 112.4 ஓம் மிஞ்சினால் சென்சார் 32 டிகிரியில் இருக்கிறது. டிரையர் ஆறிக் கிடக்கும் நேரத்தில் இது நியாயமான எண். முடிவிலி காட்டினால் சென்சார் அறுந்துவிட்டது. இந்த வெயிலில் 100 ஓமுக்குக் கீழே வந்தால் உள்ளே ஷார்ட்டோ ஈரமோ. இடவப்பாதி மழை தொடங்கிய ஜூன் மாதத்தில் ரீடிங் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஈரத்தைத்தான் முதலில் தேடுங்கள். கிளான்ட் (கேபிள் தலைக்குள் நுழையும் வாய்) மேல்நோக்கி இருந்தால் கேபிள் வழியாகவே தண்ணீர் தலைக்குள் வழியும். கிளான்டைக் கீழ்நோக்கித் திருப்பி, கேபிளை ஒரு தொங்கல் விட்டு ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்சுலேஷன் பார்க்கிறேன் என்று 500 வோல்ட் மெகரை டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்துச் சுற்றிவிடாதீர்கள், நன்றாக இருந்ததும் போய்விடும்.

சென்சாரா டிரான்ஸ்மிட்டரா என்று இன்னும் சந்தேகமா? சென்சாருக்குப் பதிலாக ஒரு 120 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள், சிவப்பு வரும் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு. இண்டிகேட்டர் ஏறக்குறைய 51.6 காட்ட வேண்டும். 1 சதவீத ரெசிஸ்டர் என்றால் 3 டிகிரி முன்பின் ஆகலாம், அதற்காகப் பதறாதீர்கள். காட்டிவிட்டால் டிரான்ஸ்மிட்டரிலிருந்து பேனல் வரை எல்லாமே சரி, சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். சட்டைப் பையில் ஒரு 100 ஓமும் ஒரு 120 ஓமும் வைத்திருக்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

துள்ளும் ரீடிங்

ரீடிங் நிலையில்லாமல் குதித்தால், எப்போது குதிக்கிறது என்று கவனியுங்கள். புளோயர் மோட்டார் ஓடும்போது மட்டும் என்றால், மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் மின் இரைச்சல். சிக்னல் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் கிடக்கும். பிரித்துப் போடுங்கள், குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காகக் கடக்கவிடுங்கள். ஷீல்டைப் பேனல் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் ஷீல்டிலேயே கரன்ட் சுற்றும்.

துலாவர்ஷத்து இடி

ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தால் மறுநாள் காலை வேலை நிச்சயம். இடிக்குப் பிறகு நான் பார்க்கும் வரிசை: ஃப்யூஸ், எம்ஓவி (திடீர் வோல்டேஜை உறிஞ்சும் பாகம்), எஸ்எம்பிஎஸ், அப்புறம் வெளியே நீண்டு போகும் வயர்கள் வந்து சேரும் இடங்கள். மீட்டர்கள் டேட்டா அனுப்பும் ஆர்எஸ்-485 லைன் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்றால் முதலில் அடிவாங்குவது அதன் எட்டுக் கால் சிப்தான். மேக்ஸ் 485, 75176 வகைகள் விலை குறைவு, சால்டரிங் தெரிந்தால் மாற்றிவிடலாம். அந்த லைனில் பவரை நிறுத்தி ஏ, பி என்ற அதன் இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓமுக்குப் பக்கத்தில் வர வேண்டும், இரு முனையிலும் தலா 120 ஓம் இருப்பதால். 120 வந்தால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் லைன் அறுந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லையென்றால் மாற்றிய மீட்டரில் ஐடி (மீட்டரின் எண்), பாட் ரேட் (டேட்டா வேகம்), பாரிட்டி (பிழை சரிபார்ப்பு) மூன்றும் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். சர்ஜ் புரொடெக்டர் இருந்தும் அடிபட்டால் எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத புரொடெக்டர் சும்மா அலங்காரம்.

முடிக்கும்போது

பழுது நீங்கியதும் இரண்டு இடத்தில் ஒத்துப் பாருங்கள். டிரையர் ஆறியிருக்கும்போது ஒரு முறை, சூடேறிய பின் ஒரு முறை. ஒரே இடத்தில் மட்டும் சரியாக இருப்பது ரேஞ்ச் தப்பை மறைத்துவிடும். ஃப்ளோ மீட்டராக இருந்தால் மல்டிமீட்டரை வைத்து லூப்பைத்தான் சொல்ல முடியும், ஓட்டத்தின் துல்லியத்தைச் சொல்ல முடியாது. அதற்குக் கஞ்சிக்கோட்டிலேயே எஃப்சிஆர்ஐ (ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்) இருக்கிறது, அங்கே கொடுத்துக் காலிபரேட் செய்ய வேண்டும்.

ரெஜிஸ்டரில் மில்லி ஆம்ப், டிகிரி, மாற்றிய பொருள், தேதி நான்கையும் எழுதுங்கள். பேனல் வயரிங்கை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைபாஸ் ஜம்பர் போட்டிருந்தால் அதைக் கழற்றி, கழற்றியதை இன்சார்ஜிடம் காட்டி, ஆபரேட்டர் பக்கத்தில் நிற்கும்போது கன்ட்ரோலரை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். மாற்றியவுடன் கிளம்பாமல், செட் பாயின்ட்டில் வந்து நிலையாக நிற்கும் வரை அங்கேயே இருங்கள்.