சாம்பல் அடுக்கை வைத்து வயது சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து புவியியல் படிக்கும் நம் பிள்ளைகள் களப்பணிக்குப் புனே மாவட்டத்துப் போரி கிராமத்துக்குப் போனால், குகடி ஆற்றங்கரையில் வெளிறிய எரிமலைச் சாம்பலைக் கண்டதுமே "டோபா, 74 ஆயிரம் வருஷம்" என்று நோட்டில் எழுதக் கை துறுதுறுக்கும் (டோபா என்பது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு எரிமலை). கொஞ்சம் பொறுங்கள். இதே சாம்பலுக்குச் சுமார் 14 லட்சம், 6.7 லட்சம் ஆண்டு என்றெல்லாம் வயது வந்திருக்கிறது. சுற்றிலும் 6.6 கோடி ஆண்டுப் பழைய தக்காணப் பாறை. அதன் ஃபெல்ட்ஸ்பார் கனிமத் துணுக்கு சிறிது கலந்தாலே, பொட்டாசியம் சிதைந்து சேர்ந்த ஆர்கானை அளந்து வயது சொல்லும் ஆர்கான் முறையில் வயது எகிறிவிடும். மொத்தமாக அரைத்து அனுப்பாமல், நுண்ணோக்கியில் பார்த்துத் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள்.

டோபா ஒரே முறை வெடித்ததல்ல. சுமார் 74 ஆயிரம், 5 லட்சம், 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த மூன்றுக்கும் சிலிக்கா, பொட்டாசியம் அளவுகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவதே பெரிய தவறு. பேரியம் போல மிகச் சிறிதளவே இருக்கும் சுவடுத் தனிமங்களையும், பயோட்டைட் என்ற கருமைக் கனிமத்தின் கலவையையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது தடிமன். இந்தியாவில் வானிலிருந்து விழுந்தது சில சென்டிமீட்டர்தான். மீட்டர் கணக்கில் நின்றால் மழை அடித்துச் சேர்த்தது என்று வையுங்கள். மணலும் களிமண்ணும் கலந்த மேல்பகுதியை விடுத்து, சாம்பல் கீழ்ப்படிவைத் தொடும் அடித்தொடர்பிலிருந்து 1 செ.மீ. இடைவெளியில் மாதிரி எடுங்கள். ஏரிப் படிவிலும் புழு, நண்டு கிளறித் துகள்கள் மேலும் கீழும் பரவும். கீழே ஒன்றிரண்டு துகள் தெரிந்த இடத்தைத் தொடக்கமாகக் கொள்ளாதீர்கள், எண்ணிக்கை சட்டென்று ஏறும் இடமே தொடக்கம்.

கண்ணுக்குத் தெரியாத சாம்பலைப் பிரிக்க சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனத்த கரைசலில் 2.5 அடர்த்திக்கு மேல் மூழ்கியதைக் கொட்டிவிடுவது வழக்கம். சிலிக்கா மிகுந்த ரயோலைட் சாம்பலின் கண்ணாடித் துகள் மிதக்கும், சிலிக்கா குறைந்த பசால்ட் கண்ணாடி மூழ்கும். மூழ்கிய அந்த வண்டலில்தான் பாதிச் சான்று இருக்கலாம். கரிமப்பொருளை நீக்க 550 டிகிரியில் எரித்த மாதிரி எண்ணுவதற்கு மட்டுமே, வேதியியலுக்குத் தனி மாதிரி வையுங்கள். துகளின் வேதிக்கலவையை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் கருவியில் எலக்ட்ரான் கற்றையைக் குவித்துப் பாய்ச்சினால் சோடியம் நகர்ந்து குறைவாகக் காட்டும்: கற்றையை அகலமாக்குங்கள், மின்னோட்டத்தைக் குறையுங்கள், சோடியத்தை முதலில் அளவிடுங்கள்.

இரண்டு இடங்களின் காலநிலை வளைவுகள் பொருந்துகின்றன என்பதற்காக இரண்டு சாம்பலை ஒரே வெடிப்பு என்று இணைக்கவே கூடாது. வளைவு முந்துகிறதா பிந்துகிறதா என்று சோதிக்கத்தானே சாம்பல்!

கிரீன்லாந்து பனிக்கட்டி வயதுகள் 2000-ஐ வைத்தும் கார்பன் வயதுகள் 1950-ஐ வைத்தும் எண்ணப்படுகின்றன. ஐஸ்லாந்து எரிமலையிலிருந்து வந்த வெட்டே சாம்பலுக்குப் பனிக்கட்டி தரும் 12,171 ஆண்டு என்ற எண்ணைக் கார்பன் வயதோடு ஒப்பிடுமுன் 50 கழித்து 12,121 ஆக்குங்கள்.