ரெண்டுங்கெட்டான் வயது நாய் விளையாட்டில் கடிக்கிறதா? பல் படாமல் விளையாடப் பழக்கும் முறை

இது சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உள்ள நாய்களுக்கு. சின்னக் குட்டியின் வாயில் 28 பால் பற்கள்தான், ஊசி மாதிரி குத்தினாலும் தாடையில் வலு கிடையாது. ஆறேழு மாதத்தில் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும், தாடையும் பலப்பட்டுவிடும், புத்தி மட்டும் இன்னும் குட்டியாகவே இருக்கும். எங்கள் கருவாயன் (நாட்டு நாய், செவலை உடம்பு, கறுத்த வாய்) இந்த வயதில்தான் வீட்டில் ஒருத்தர் கையையும் விட்டுவைக்கவில்லை.

தெருவில் எடுத்த குட்டிகளிடம் இது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருந்தால், அழுத்திக் கடித்தவுடன் மற்றது கத்திக்கொண்டு விலகிப்போவதைப் பார்த்து, எவ்வளவு அழுத்தலாம் என்று அதுவே கற்றுக்கொள்ளும். ஒரு மாதத்திலேயே தூக்கி வந்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது. மீதியை நாம்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது

விளையாட்டுக் கடிதானா? முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிறது, உடம்பு தளர்வாக இருக்கிறது, ஓடிப்போய்த் திரும்பி வருகிறது என்றால் விளையாட்டுதான். உடம்பு விறைத்து, அசையாமல் நின்று, கண் ஓரத்தில் வெள்ளை தெரிய உறுமுகிறது, அதுவும் சோற்றுத்தட்டின் பக்கத்திலோ எங்காவது தொட்டாலோ என்றால், அது வலியாகவோ பயமாகவோ இருக்கலாம். இந்தப் பதிவு அதற்கு உதவாது, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று தூக்கம். மாலை ஆறு ஏழு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடிக் கடிக்கிற நாய், பெரும்பாலும் பகலில் சரியாகத் தூங்காத நாய். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மதியம் தூங்கவிட்டாலே பாதித் தொல்லை போய்விடும். வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து, தண்ணீர் குடித்து ஓய்ந்தபிறகு விளையாட்டை ஆரம்பியுங்கள்.

என்னென்ன வேண்டும்

நீளமான இழு பொம்மை ஒன்று. கடையில் விற்கிற குட்டைக் கயிற்றை வாங்காதீர்கள், கவ்வும்போது உங்கள் விரலும் சேர்ந்துதான் மாட்டும். பழைய பருத்தித் துண்டுகள் மூன்றைச் சடை பின்னி இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டால் ஒரு முழத்துக்கு மேல் நீளம் கிடைக்கும். நூல் பிரிய ஆரம்பித்தால் தூக்கிப் போடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். டென்னிஸ் பந்தை மணிக்கணக்கில் மெல்லக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது, அதன் மேலுள்ள சொரசொரப்பு பல்லைத் தேய்க்கும்.

ஒரு ஹார்னஸ் (கழுத்தில் இல்லாமல் மார்பைச் சுற்றி மாட்டும் வார்), ஆறடி லீஷ் (நாயைப் பிடிக்கும் கயிறு). கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டவே வேண்டாம். தீனிக்கு உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழிக்கறி, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாக. பிஸ்கட்டெல்லாம் என் அனுபவத்தில் கோழிக்கறிக்குப் பக்கத்தில் வராது.

விளையாட்டு

லீஷை ஹார்னஸில் மாட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியிலோ கனமான கட்டிலின் காலிலோ கட்டுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். பொம்மையைத் தரையோடு பாம்பு போல ஓட்டி "எடு" என்று சொல்லுங்கள். கவ்வியதும் இழுத்து விளையாடுங்கள். இழுத்து விளையாடினால் நாய்க்கு மூர்க்கம் வரும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். விதியோடு விளையாடினால் அதற்கு நேர் எதிராகத்தான் நடக்கும்.

பத்து எண்ணுவதற்குள் உங்கள் பக்க இழுப்பை நிறுத்தி, பொம்மையை அசையாமல் பிடித்து "விடு" என்று சொல்லி, மூக்குக்கு நேராகக் கறித்துண்டைக் காட்டுங்கள். விட்டதும் கறி, உடனே மறுபடியும் "எடு". விட்டால் பொம்மை பறிபோகாது, விளையாட்டு தொடரும் என்று அதற்குப் புரிய வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே பயன்படுத்துங்கள். ஒருவர் "விடு", இன்னொருவர் "டிராப்", பாட்டி "அட சனியனே" என்றால் நாய் யார் பேச்சைக் கேட்கும்?

பல் பட்டால் என்ன செய்வது (மாட்டிக்கொள்ளும் இடம்)

"ஆ என்று கத்துங்கள், நிறுத்திவிடும்" என்றுதான் எங்கே பார்த்தாலும் போட்டிருக்கும். சின்னக் குட்டிகள் சிலவற்றிடம் அது பலிக்கலாம். வெறியேறி விளையாடும் எட்டு மாத நாய்க்கு உங்கள் கத்தல் அழுத்தினால் கீச்சிடும் பொம்மையின் சத்தம் மாதிரிதான், இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கும்.

அடுத்த அறிவுரை, "எழுந்து போய்விடுங்கள்". அது சரியான அறிவுரைதான், ஆனால் எழுந்து போனால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் நடக்க ஆரம்பித்ததும் லுங்கி ஆடும், நைட்டி ஆடும், அதைப் பிடித்துத் தொங்கும், கணுக்காலைக் கவ்வும். நீங்கள் விளையாட்டை முடித்ததாக நினைக்கிறீர்கள், அது துரத்தும் விளையாட்டு ஆரம்பித்துவிட்டதாக நினைக்கிறது. ஓடுவதைத் துரத்துவதற்கென்றே வளர்த்த சிப்பிப்பாறை, கன்னி வகைகளிடம் கேட்கவே வேண்டாம். இதற்காகத்தான் கட்டிவைத்து விளையாடச் சொன்னேன். இரண்டடி பின்னால் போனால் போதும், அதற்கு எட்டாது. நிலைவாசலில் கிரில் கேட் இருக்கிற வீடானால் கட்டாமலே, நீங்கள் கேட்டுக்கு வெளியே போய்ச் சாத்திக்கொள்ளலாம்.

வரிசை இதுதான். பல் தோலில் பட்ட அந்த நொடியிலேயே கையைத் தளரவிடுங்கள் (வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுக்கிக் கவ்வும்), சாதாரணக் குரலில் "போச்சு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், எட்டாத தூரத்துக்கு விலகுங்கள். பிறகு பேச்சும் கிடையாது, பார்வையும் கிடையாது. இருபது முப்பது நொடி போதும், கால் மணிநேரம் தள்ளி நின்றால் எதற்கு விலகினீர்கள் என்பதே அதற்கு மறந்துபோகும். குரைப்பு நின்று, நாலு காலும் தரையில் இருக்கும்போது திரும்பி வந்து விளையாட்டைத் தொடருங்கள்.

தொடருவது ரொம்ப முக்கியம். கோபத்தில் அன்றைய விளையாட்டையே முடித்துவிட்டால், பல் படாமல் விளையாடிப் பார்க்கும் வாய்ப்பே அதற்குக் கிடைக்காது. மூன்று நான்கு தடவை அடுத்தடுத்து "போச்சு" வந்தால் மட்டும், அது களைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு தூங்க அனுப்புங்கள்.

எந்தக் கடிக்கு விலகுவது? முதலில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், எத்தனை தடவை கடிக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கால்நடை மருத்துவர் இயன் டன்பார் குட்டிகளுக்குச் சொன்ன முறை. அதை இந்த வயதுக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சுருக்கமாக. முதல் சில நாள் வலிக்கிற கடிக்கு மட்டும் விலகுங்கள், அப்புறம் பல் லேசாக உரசினாலே "போச்சு". துணியைக் கவ்வினாலும் அதே கணக்குதான்.

நடுவில் ஒரு கட்டத்தில் கடி முன்பைவிட மோசமாகும். இதுவரை வேலை செய்தது வேலை செய்யவில்லையே என்று இன்னும் முரட்டுத்தனமாக முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், முரட்டுத்தனமாகக் கடித்தால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும்.

மூக்கில் தட்டுவது, வாயைப் பொத்திப் பிடிப்பது, மல்லாக்கப் போட்டு அழுத்துவது எதுவும் வேண்டாம். கையைக் கண்டால் பயப்படுகிற நாய் விளையாட்டில்லாமல் நிஜமாகவே கடிக்கும்.

தோல் கிழிந்தால்

விளையாட்டுக் கடியானாலும், சொந்த நாயானாலும், ஊசி போட்ட நாயானாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசம்தான்.

பின்சேர்க்கை 1: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த இழு விளையாட்டைப் பிள்ளைகள் ஆடக்கூடாது. நாய் மேலே பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டி மரம் மாதிரி நிற்க மட்டும் சொல்லிக்கொடுங்கள். நாயும் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: கட்டியதும் பயந்து துள்ளுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் விளையாட்டு இல்லாமலே, கட்டிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கறித்துண்டு கொடுத்துச் சில நாள் பழக்குங்கள். கட்டிப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், லீஷ் காலில் சுற்றிக்கொள்ளும்.

பின்சேர்க்கை 3: "என்னிடம் கடிப்பதில்லை, அப்பாவிடம் மட்டும் கடிக்கிறது." அப்பா வெறுங்கையால் மல்லுக்கட்டி விளையாடுகிறாரா என்று பாருங்கள். அவர் கையில் ஒரு துண்டுச் சடையைக் கொடுத்துவிடுங்கள்.