டாக்டரை ஆப்பில் பார்க்கும் ஓய்வூதியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில், புதிதாக மருத்துவ ஆப் பயன்படுத்த வருகிறவர்களுக்குப் பதிவு செய்துகொடுக்க உதவுகிறேன். போனைத் தட்டத் தெரியாததால் பெரிய கெடுதல் நடந்து நான் பார்த்ததில்லை. அதைப் பேத்தி ஒரு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவாள். உடம்பைப் பாதிக்கிற தவறுகள் டாக்டர் திரையில் வருவதற்கு முன்பும், அவர் பேசி முடித்த பிறகும்தான் நடக்கின்றன. அவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்த வசதி பரவலானது கொரோனா ஊரடங்கில். 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. ஏப்ரல் 13 அன்று மத்திய அரசின் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. மொபைல் எண், ஓடிபி, டோக்கன், காத்திருப்பு, அப்புறம் வீடியோவில் டாக்டர். கட்டணம் கிடையாது. தனியார் ஆப்கள் பணம் வாங்கிக்கொள்ளும். நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

மகன் பெயரில் அப்பாவுக்கு வைத்தியம்

நான் அதிகம் பார்க்கும் தவறு இது. வெளியூரில் இருக்கும் மகன் தன் போனில் தன் கணக்கிலேயே அப்பாவுக்கு நேரம் பதிவு செய்கிறார். அவசரத்தில் நோயாளி யார் என்ற இடத்தை மாற்றுவதில்லை. டாக்டர் முன்னால் விரியும் விவரத்தில் மகனின் பெயரும் வயதும்தான் இருக்கும்.

71 வயதான ஒரு முன்னாள் நடத்துனர் சளிக்காக இப்படிப் பேசினார். வீடியோ சரியாக வராததால் ஆடியோவில்தான் பேச முடிந்தது. மருந்துச்சீட்டில் "ஆண், 39" என்று இருந்தது. மெடிக்கலில் இருந்தவர் எதிரே நிற்பவரையும் சீட்டையும் பார்த்துவிட்டு மருந்து தர மறுத்துவிட்டார். இவருக்குக் கோபம். ஆனால் அந்த மறுப்புதான் இவரைக் காப்பாற்றியது. சீட்டில் இருந்தது சளிக்குச் சாதாரணமாக எழுதும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை. புராஸ்டேட் வீக்கம் இருக்கும் வயதானவர்களுக்கு அது சிறுநீரை அடைத்துவிடக்கூடும். தூக்கக் கலக்கமும் தடுமாற்றமும் வரும். இவருக்குப் புராஸ்டேட் தொந்தரவு ஏற்கனவே உண்டு. 39 வயது என்று பார்க்கும் டாக்டருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

வயது என்பது அந்த அளவுக்கு முக்கியமான தகவல். வலி மாத்திரை எழுதும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்பதும், பிரஷர் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்குவதும் வயதைப் பார்த்துத்தான்.

பெரும்பாலான ஆப்களில் குடும்ப உறுப்பினரைத் தனியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதைவிட நல்லது, அப்பாவின் போனில் அப்பாவின் எண்ணிலேயே கணக்கு. ஓடிபி மகனுக்குப் போய், அவர் அலுவலகக் கூட்டத்தில் இருந்து, அது காலாவதியாகி, டோக்கனும் போகிற கதை அப்போது இருக்காது. மருத்துவ ரிப்போர்ட்டுகளை இணைத்துவைக்கும் அரசின் 14 இலக்க ஆபா (சுகாதாரக் கணக்கு) எண்ணும் அவரவருக்குத் தனித்தனி. அப்பாவின் ரிப்போர்ட்டுகளை மகனின் எண்ணில் இணைத்தால், நாளைக்கு மகன் வைத்தியத்துக்குப் போகும்போது அவர் கோப்பில் அப்பாவின் சர்க்கரை அளவு உட்கார்ந்திருக்கும்.

அவசரத்துக்கு ஆப் இல்லை

இதைப் பலமுறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஆப்பைத் திறக்கவே வேண்டாம். 108. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். டோக்கன் எண் 14, இன்னும் ஆறு பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இந்த நாலரை மணியில்தான் கழிகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். திடீரென்று குளிர்ந்து வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் மட்டுமே அடையாளமாக இருக்கும். "வாயுவாக இருக்கும், ஆப்பில் கேட்டுப் பார்க்கலாம்" என்று நினைப்பது இங்கேதான். வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டாலும் அப்படித்தான். வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் கசிவது கேமராவுக்குத் தெரியாது.

"அந்த வெள்ளை மாத்திரை, சார்"

டாக்டர் திரையில் வந்ததும் முதல் கேள்வி, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது. பதில் பெரும்பாலும் நிறத்தில் வருகிறது. அப்புறம் எழுந்து அலமாரிக்குப் போகிறார்கள். கண்ணாடியைத் தேடுகிறார்கள். கிடைக்கும் ஐந்தாறு நிமிஷத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

பேசுவதற்கு முன்பே எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பிவிடுங்கள். அட்டையைக் கவனித்திருப்பீர்கள்: பெயரும் காலாவதித் தேதியும் அச்சான ஓரத்திலிருந்து மாத்திரையைக் கிழித்துவிட்டால், கடைசியில் மிச்சம் இருப்பது வெறும் வெள்ளித்தாள். அதனால் மறுமுனையிலிருந்து கிழித்துப் பழகுங்கள். கம்பெனிப் பெயரைவிட, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் டாக்டருக்கு வேண்டும். டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டால் யார் கேட்டாலும் காட்டலாம். சித்த மருந்து, நாட்டு லேகியம், முழங்கால் வலிக்குத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை எல்லாமே அந்தத் தாளில் இருக்க வேண்டும். அலோபதி டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறவர்கள் நிறைய. திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள்.

பிரஷர் அளவு சொல்வதிலும் அவசரம். மாடிப்படி ஏறி வந்து உடனே கருவியைக் கட்டி, வந்த எண்ணைச் சொன்னால் டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார். அப்புறம் எழுந்து நின்றால் தலை சுற்றும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் படும்படி உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு வாரத்து அளவுகளைத் தேதியுடன் எழுதிவைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

ரிப்போர்ட் படம் எடுக்கும்போது பெயரும் தேதியும் இருக்கும் முதல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் தாளில் பளபளத்தால் எண்கள் மறைந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை

உதவி செய்ய உட்காரும் மகளோ மகனோ முழுப் பேச்சையும் தாங்களே பேசிவிடுகிறார்கள். "அம்மாவுக்குப் பசியே இல்லை டாக்டர்" என்று மகள் சொல்ல, அம்மா பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பார். அம்மா சொல்ல நினைப்பது வேறாக இருக்கும். சிறுநீர் கட்டுப்படாதது, குளியலறையில் வழுக்கி விழுந்தது, விலை அதிகம் என்று மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்வது. பிள்ளைகள் முன்னால் இவை வாயில் வராது. போனைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறைக்கு வெளியே போங்கள். கடைசியில் வந்து, டாக்டர் என்ன மாற்றினார் என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது உங்கள் பெற்றோருக்குச் செய்யும் மரியாதையும்கூட.

காது மெஷின் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு பேச வேண்டும். முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார வேண்டும். பதிவு செய்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும், சில இடங்களில் டாக்டர் அப்படித்தான் கூப்பிடுவார்.

தூக்க மாத்திரை எழுதவில்லை என்று டாக்டரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அல்பிரசோலம் போன்ற, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதக்கூடாது என்பது விதி. ஆப்பில் தானாகப் பதில் எழுதும் சாட்பாட்டை டாக்டர் என்று நினைத்துவிடவும் வேண்டாம். இயந்திரம் நோயாளிக்கு மருந்து எழுதக்கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. மருந்துச்சீட்டில் டாக்டரின் பெயரோடு பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பண விஷயம். ஆப்பில் கட்டணம் போய் டாக்டர் வரவில்லை என்றால், கூகுளில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணைக் கூப்பிடாதீர்கள். அங்கே போலி எண்களை நிரப்பிவைத்திருக்கிறார்கள். எதிரில் பேசுபவர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு ஃபைலை அனுப்புவார், திரையைப் பகிரச் சொல்வார், யுபிஐ பின்னைப் போடச் சொல்வார். பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியில் மட்டும் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

சீட்டு வந்த பிறகு

டாக்டர் புது மாத்திரை எழுதினால், பழையதை நிறுத்த வேண்டுமா, கூடவே சாப்பிட வேண்டுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அழைப்பை முடிக்கவே கூடாது. கேட்காததால் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டு முதல் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அப்படி வரும் அம்லோடிபின் டப்பாவில் இருக்கும். ஆப் டாக்டர் அதையே வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் கால் வீங்கும், பிரஷர் இறங்கும், எழுந்தால் தலை சுற்றும். அதற்கு மறுபடியும் ஆப்பில் ஒரு டாக்டர், மறுபடியும் ஒரு மாத்திரை. வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் ஊழியரிடம் புதுச் சீட்டைக் காட்டுங்கள். புது மருந்து வந்த அன்றே, நிறுத்தச் சொன்ன பழைய அட்டைகளை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நேரில் பார்த்த அதே டாக்டரிடம், அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் மறுபடி பேசினால்தான் தொலைமருத்துவத்தில் அதைத் தொடர் ஆலோசனையாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் சுகர் உள்ளவர்கள் வருஷத்தில் இரண்டு முறையாவது நேரில் போய்விடுங்கள். போகும்போது செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.